பதினோரு நிமிடம்

எட்டு மணிக்குப் போனது மின்சாரம்.
இந்த மாதம் அட்டவணை ஒருமுறைகூடப் பொய் சொல்லவில்லை:
சாட்ஸ்வொர்த், எட்டிலிருந்து பத்தரை.
துணிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் சர்வர்.
அது விற்பதும் மின்சாரம்தான்,
இருபது இலக்க எண்ணாக.
ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க மறந்தது யார் என்பதை
தேஷன் மூட்லியும் நானும் நாளைக்குப் பேசிக்கொள்வோம்.

பேட்டரியில் பதினோரு நிமிடம்.

முதலில் வாசலை அடைத்தேன்.
இனி வருகிறவர்களை ஜோகன்னஸ்பர்க் பார்த்துக்கொள்ளும்.
உள்ளே முந்நூற்றுப் பன்னிரண்டு இணைப்புகள்.

சும்மா இருப்பவை இருநூற்று எழுபது.
கேட்டது கிடைத்த பிறகும்
இன்னொன்று கேட்க நேருமோ என்று
நிலைப்படியில் சாய்ந்து நிற்பவை.
ஒரே வரியில் அனுப்பிவைத்தேன்.
வருத்தமில்லை.

வந்தும் இன்னும் வாய் திறக்காதவை ஒன்பது.
எப்போதும் இவற்றோடுதான் தகராறு.
சும்மா இருப்பதாகக் கணக்கில் எழுதினால்
சொல்ல வந்தது தொண்டையிலேயே அறுபடும்.
வேலையில் இருப்பதாக எழுதினால்
ஒன்றுமே சொல்லாமல் நம்மை விடியும்வரை உட்காரவைக்கும்.
போன ஜூனில் உட்கார்ந்திருக்கிறேன், கம்பளியோடு.
ஐந்து நொடி கொடுத்தேன்.
ஏழு பேசின.
இரண்டு வெறும் காற்று.

நாற்பது. பதினெட்டு. ஆறு.

"இலை போட்டு உட்கார்ந்தவரை எழுப்பக்கூடாது"
என்கிறான் தேஷன், கல்யாணச் சமையல் வீட்டுப் பிள்ளை.
"ரசத்துக்கே வராதவரை என்ன செய்ய?"
அவன் பேட்டரியைப் பார்க்கிறான்.

மூன்று.

ஒன்று.

உம்லாசியிலிருந்து. முப்பது ரேண்ட்.
வங்கி பணத்தை எடுத்துக்கொண்டது.
எண் இன்னும் போய்ச் சேரவில்லை.
முப்பது நொடிதான் கெடு, பிறகு வெட்டு
என்று எழுதியவளும் நான்தான்,
ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை, காபி குடித்தபடி,
யாருடைய பணத்தையும் நினைக்காமல்.

இருபத்தாறு.
இருபத்தேழு.
கெடுவை அழித்து அறுநூறு என்று அடித்தேன்.
பேட்டரி கத்துகிறது; நான்கு நிமிடம் மிச்சம்.
எந்தக் கம்பியில், எந்தக் கோபுரத்தடியில்
சிக்கிக்கிடந்ததோ அந்தப் பதில்,
ஒரு நிமிடம் நாற்பது நொடி கழித்து
இருபது இலக்கமும் ஒன்றாகப் போனது.
பெற்றுக்கொண்டதற்கு அடையாளம் வந்தது.
மூடியது அந்தப் பக்கம்தான்.

பூஜ்யம்.

மின்விசிறி நின்றபின்தான் தெரிந்தது
அது இவ்வளவு நேரம் சுற்றிய சத்தம்.
தேஷன் டார்ச்சோடு டீசல் கேனை ஆட்டிப்பார்க்கிறான்,
காலி என்று தெரிந்தும்.
ஜன்னலுக்கு வெளியே எங்கள் மேடு முழுக்க இருட்டு.
ஆற்றுக்கு அப்பால் உம்லாசியில் விளக்குகள்.
எது அந்த முப்பது ரேண்ட் என்று
இங்கிருந்து சொல்ல முடியாது.