ஆற்றுக்குழுவின் மூன்றாவது கூட்டம்

இடம்: இரணைமடுச் சந்தி, பொதுநோக்கு மண்டபம்.
ஓகஸ்ட் இருபத்தொன்று, காலை பத்து மணி
என்று எழுதினேன்.
தொடங்கியது பதினொன்றே காலுக்கு.
சுண்டிக்குளம் ஆட்கள் வந்த பஸ்
பரந்தனில் நின்றுவிட்டது.

சமுகமளித்தோர் முப்பத்தேழு.
அறிவித்துவிட்டு வராதோர் நால்வர்.
கனகராயன் ஆறு வரவில்லை,
அது மார்கழியில்தான் வரும்.
இந்த வரியை எழுதிவிட்டு வெட்டினேன்.

முதலில் எழும்பியவர் கதிர்காமத்தம்பி.
"குளத்தில பன்னிரண்டடி எண்டு பலகை சொல்லுது.
மேல மணல் அள்ளின இடமெல்லாம் கரை இடிஞ்சு
உள்ள வந்து படுத்துக் கிடக்கு.
நீங்கள் அளந்தது தண்ணியையோ, சேத்தையோ?"
பொறியியலாளர் பேனையை மூடித் திறந்தார்.

மரியநேசன் இருந்தபடியே பேசினார்.
"போன மார்கழி ராவோட ராவா வான்கதவு திறந்தியள்.
விடிய, கழியும் இல்லை வலையும் இல்லை.
பிறகு பங்குனி மட்டும் ஒரு சொட்டு விடேல்லை.
உப்பு இறுகி இறால்குஞ்சு வெள்ளையா மிதந்தது.
உங்கட கணக்கில கடலுக்குப் போறது வீண் தண்ணி.
அது எங்கட வயல்."
கடைசிச் சொல்லை
இரண்டு தரம் கேட்டு எழுதினேன்.

செல்வநிதிக்கு அறுபத்துமூன்று மாடுகள்.
"வனத்திணைக்களம் நட்ட எல்லைக்கல்லில
மூண்டு மொழியில எழுதியிருக்கு.
மாடு எந்த மொழியில வாசிக்கும்?"
மண்டபம் சிரித்தது.
மொழிபெயர்த்ததும் விஜேதுங்கவும் சிரித்தார்,
எல்லோரும் நிறுத்திய பிறகு, தனியாக.

கேதீஸ் வாசற்படியோடு நின்றான்.
உழவு இயந்திரத்துக்கு லீசிங் மாதம் முப்பத்தெட்டாயிரம்.
மணல் என்ற சொல் வரும்போதெல்லாம்
முப்பத்தாறு தலைகள் திரும்பின.
அவன் செருப்பைப் பார்த்தான்.

பிறகு பொறியியலாளர் சீமெந்துத் தரையில்
வெண்கட்டியால் ஆற்றைக் கீறினார்.
அவன் உள்ளே வந்து குந்தி
உள்ளங்கையால் ஒரு வளைவை அழித்தான்.
"இது இப்பிடி இல்லை, ஐயா.
இந்த இடத்தில நாலடிக்குக் கீழ களி.
அங்க கிண்டினால் மருது ரெண்டும் சரியும், கரையும் போகும்.
நான் கிண்டியிருக்கிறன்.
கீழ முறிப்பில மாரிக்கு மாரி இடுப்பளவு மணல்
தானா வந்து குவியும்.
அதை எடுத்தால் ஆறு கோவிக்காது."

அவன் சொன்ன அந்தக் குற்றத்தை
நான் குறிப்பில் சேர்க்கவில்லை.
வளைவை மட்டும் சேர்த்தேன்.

தீர்மானங்கள்:
மணல், முறிப்பில் மட்டும், முதல் மழை வரை.
வான்கதவு திறக்க ஆறு மணித்தியாலம் முன்பே
மரியநேசனின் தொலைபேசிக்கு.
பதினான்காம் கல்லுக்கும் பதினைந்தாம் கல்லுக்கும் நடுவே
மாட்டுக்கு வழி.
அடுத்த சிறுபோகத்தில்
இடதுகரை வாய்க்காலின் வாலில் நாற்பது ஏக்கர் விதைப்பதில்லை;
அந்தத் தண்ணீர் களப்புக்கு.
ஆதரவு பத்தொன்பது, எதிர் பதினொன்று.
மிச்சப் பேர் மேலே மின்விசிறியைப் பார்த்தார்கள்.

கதிர்காமத்தம்பி கையொப்பம் வைக்கவில்லை.
"பிள்ளை, உன்ர ரெண்டு ஏக்கரும்
அந்த வாலிலதானே?" என்றார்.
ஓம் என்றேன்.
கைகளை எண்ணியவள் நான்.
என் கை எதில் இருந்தது என்று
குறிப்பில் இல்லை.

இரண்டு நாள் கழித்து
முறிப்புக்கு அடையாளம் வைக்கப் போனோம்,
கேதீஸின் வெறும் பெட்டியில்.
ஒரு பாலைக்கம்பை அறைந்து
தன் பழைய சேட்டின் கையைக் கிழித்து அதில் கட்டினான்.
யானை வந்தால் முதலில் இதைத்தான் பிடுங்கும் என்றான்.

நான் ஆற்றுக்குள் இறங்கி
மணலைக் கையால் தோண்டினேன்.
மணிக்கட்டு வரை சூடு.
பிறகு ஈரம்.
முழங்கை போனபோது
விரல் நுனியில் தண்ணீர்.

குறிப்பேடு மற்றக் கையில் இருந்தது,
நனையாமல், உயர்த்திப் பிடித்தபடி.