அமைதி காக்கவும்

டாக்டர் தேனப்பன் கிளினிக்கில்
ஐந்து வருடம் ஓடியது அந்த ஓலெட் டிவி,
சிங்கப்பூர்த் தம்பி வாங்கித் தந்தது.
காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை
ஒரே படம்.
மேலே டோக்கன் எண்,
கீழே வெள்ளை எழுத்தில்
அமைதி காக்கவும்.

எண் மாறிக்கொண்டே இருந்தது, பிழைத்தது.
அமைதி மாறவில்லை.

ஒருநாள் கரண்ட் போய் வந்தபோது
சாம்பல் திரையில் பார்த்தேன்:
கழுவிய பிறகும் தட்டில் நிற்கும் மஞ்சள்போல
அந்த இரண்டு சொல்.
ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன்.
“தழும்பும்மா” என்றார் டாக்டர்,
“துடைத்தால் போகாது.”

செக்காலை ரோட்டுக் கடையில் இப்ராம்ஷா
விலைக்கு முன்னால் கேள்வி கேட்டான்.
வெயில் விழுமா?
ஒரே படம் எவ்வளவு நேரம் நிற்கும்?

விழும். பழைய வீட்டு வளவில்தான் கிளினிக்.
பதினொரு மணிக்கு வானம் நேராக உள்ளே இறங்கும்,
ஆத்தங்குடிக் கல் அதை எடுத்துத் திரையில் எறியும்.
படம், பன்னிரண்டு மணி நேரம்.

“அப்போ ஓலெட் வேண்டாங்க்கா.
அதிலே ஒவ்வொரு புள்ளியும் தானே எரியுது.
நின்ன இடத்திலேயே நின்னா
சீக்கிரம் களைச்சிரும்.”

நான் கால் மாற்றி நின்றேன்.

“இதிலே விளக்கு முதுகுக்குப் பின்னாடி.
முன்னாடி இருக்கிறது கதவு மட்டும்,
திறக்கும், மூடும்.
கருப்பு கொஞ்சம் சாம்பலாத்தான் தெரியும்.
டோக்கன் எண்ணுக்கு எதுக்குக் கருப்பு?”

நாற்பத்து மூன்று அங்குலம் எல்இடி வாங்கினோம்.
எதற்கும் இருக்கட்டும் என்று
எழுத்தை ஊரவிட்டிருக்கிறேன்,
மதியச் சாப்பாட்டுக்கு அணைக்கிறேன்.

பழையது இப்போது என் வீட்டில்.
இருட்டில் படம் பார்த்தால்
அந்தக் கருப்புக்கு ஈடில்லை,
கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல.
கபடி வைத்தால்தான் தொல்லை.
மஞ்சள் மேட்டில் ரெய்டு போகிறவன் காலடியில்
மங்கலாய், அமைதி காக்கவும்.
நான்கு பேர் கத்தும் விவாதத்திலும்
அதே இடத்தில்.

மகள் ஆக்னஸ் செட்டிங்ஸில் எதையோ அழுத்தினாள்.
ராத்திரி முழுக்கத் தனக்குத்தானே
ஏதோ சரிசெய்துகொண்டது.
கொஞ்சம் வெளிறியது. போகவில்லை.

போன வாரம் ஏலச்சீட்டுப் பணம் பற்றி
எனக்கும் சவரிமுத்துவுக்கும் வாய் முற்றி
ரிமோட் பறந்து சுவரில் பட்டது.
திரை வெள்ளையாக விழித்தது.

இருவரும் வாசித்தோம்.
பிறகும் சண்டைதான்.
கொஞ்சம் தாழ்ந்த குரலில்.