நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே

திரையில் என் முதுகெலும்பை
மேலிருந்து எண்ணி வந்தாள் டாக்டர் இவோன்.
நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே பேனா நின்றது.
மற்ற வட்டுகளில் ஈரத்தின் வெளுப்பு,
இது மட்டும் கறுப்பு.
"தண்ணீர் வற்றியிருக்கிறது, எலியேசர்."

வற்றாதா?
முப்பத்தொரு பருவம், நாளுக்கு நூற்றைம்பது ஆடு,
ஒவ்வொன்றையும் முழங்காலிடையில் சாய்த்து
கொக்கியாய் வளைந்து மயிர் கத்தரித்தவன் நான்.
ஜன்னலுக்கு வெளியே மகெல்லன் ஜலசந்தி,
கண்ணுக்கெட்டும் மட்டும் தண்ணீர்.

அறுவைக்கு நாள் கேட்டேன்.
"எனக்கும் இப்படி ஒன்று கறுத்திருக்கிறது,
வலிதான் இல்லை" என்றாள்.
"வட்டுக்கு ரத்தக்குழாய் கிடையாது.
நீர் அசைந்தால்தான் அதற்குச் சோறு.
படுத்துக் கிடந்தால் இருவரும் பட்டினி."

படுத்துக் கிடக்கச் சீட்டு வாங்கத்தான்
வந்திருந்தேன்.

மகளின் உயரம் குறித்த கதவு நிலையில்
விடியலில் என் தலைக்கொரு கோடு,
இரவில் இன்னொன்று.
நடுவில் ஒரு நகத்தளவை
பகல் தின்றிருந்தது.
தூக்கம் திருப்பித் தருகிறது,
கடன்காரனைப்போல், கொஞ்சம் குறைத்து.

காற்றுக்கு எதிராகக் கரையோரம் நாற்பது நிமிடம்.
நாய்க்கு நாலாம் நாளே அலுத்துவிட்டது.
விறகெடுக்க இப்போது இடுப்பில் மடங்குகிறேன்,
கட்டை மார்போடு ஒட்டியிருக்க.
பாதி நாள் மறந்துவிடுகிறேன்;
முதுகு மறப்பதில்லை.

அக்டோபரில் கொட்டகை திறந்தது.
உத்திரத்தில் ஸ்பிரிங்கோடு தொங்கியது மார்ப்பட்டை.
அதில் சாய்ந்து வேலை செய்த நவெல்கினை
"தொட்டில் பிள்ளை" என்று
மூன்று வருடம் கூப்பிட்டவன் நான்.

அவன் ஒன்றும் கேட்கவில்லை.
கொக்கியை என் உயரத்துக்கு இறக்கி,
யோசித்து,
இன்னும் கொஞ்சம் இறக்கினான்.