திறாங்கு

எழுதுமட்டுவாள். பதினேழாம் ஒழுங்கை.
காலை ஒன்பதேகால்.
கருவி ஒருமுறை கத்திவிட்டுத் தயங்கியது,
பொய் சொல்ல முன்னம் பிள்ளைகள் தயங்குவது மாதிரி.

முழங்காலில் இருந்தேன்.
முகக்கவசத்துக்குள் என் மூச்சே எனக்குப் புழுக்கம்.
பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டி
தூரிகையால் தட்டத் தட்ட
விரல் நீளத்துக்கு ஒரு பச்சை.
களிம்பேறிய பித்தளை.

ரவை.

ஐந்து வருசமாய் இதுதான் தொழில்.
கண்ணைக் கட்டிவிட்டாலும் தடவிச் சொல்லுவேன்
எது அவங்கட, எது இவங்கட என்று.
இது ரெண்டு பேரதும் இல்லை.
சண்டைக்குச் செய்த ரவைக்கு
நுனிவரைக்கும் செம்பு போர்த்தியிருக்கும்.
இதற்கு நுனி திறந்து கிடந்தது.
சாம்பல் நிற ஈயம்,
சதைக்குள் போனதும் தட்டையாகி நிற்கவென்று
எங்கேயோ ஒரு தொழிற்சாலையில்
கணக்குப் பார்த்துச் செய்தது.

யூட் அண்ணை வந்து குந்தியிருந்து பார்த்தார்.
"பண்டி ரவை. பழைய வேட்டைக்காரர் ஆரோ."
பிறகு குரலைத் தாழ்த்தி,
"அடியைப் பார்."
நடுப்பொட்டில் ஒரு குழி.
ஊசி குத்தியிருக்கிறது.
ரவை வெடிக்கவில்லை.

ஒரு முழம் தள்ளி அடுத்த சத்தம்.
வளைந்த பிடியோடு ஓர் இரும்புத் தண்டு.
கதவுத் திறாங்கு என்றுதான் முதலில் நினைத்தேன்.
எங்கள் வீட்டு முன்கதவிலும் இப்படி ஒன்று:
தூக்கி, தள்ளி, மடக்கவேணும்.
இடம்பெயர்ந்த இரவு
அம்மா அதைக் கவனமாய்ப் போட்டுவிட்டு
பின்கதவால் வெளியே வந்தா.
பின்கதவு திறந்தபடி.

"துவக்கின்ர திறாங்குதான்" என்றார் யூட் அண்ணை.
"ஒவ்வொரு வெடிக்கும் ஒருக்கா திறந்து பூட்டவேணும்."
குழலைக் காணவில்லை.
யாரோ வேறு வேலைக்குக் கொண்டுபோயிருப்பார்கள்.

மரத்துக்குக் கருவி கத்தாது.
அதைக் கைதான் கண்டது.
கறையான் பாதி தின்று
மீதியை வேண்டாமென்று விட்டிருந்தது,
பனையும் பூவரசும் தின்று பழகிய வாய்.
வால்நட்டாம். பனி கொட்டுகிற நாட்டு மரமாம்.
தண்ணீர் ஊற்றித் துடைத்தேன்:
ஆறே இல்லாத எங்கள் ஊரில்
ஆறு ஓடி வற்றின கோடுகள்.
கன்னம் வைக்கிற இடம் மட்டும்
கறுத்து, வழுவழுத்து.

படிவத்தில் எழுத வேண்டும்.
மிதிவெடி, எறிகணை, சிறுரக வெடிபொருள்.
பண்டிக்கு நிரல் இல்லை.
சிறுரகம், ஒன்று.

ஆனாலும் அந்த நொடி என்னை விடவில்லை.
விசையை இழுத்தாயிற்று.
'டிக்' என்றதோடு சரி.
பண்டி தலையைத் தூக்கியிருக்கும்.
அந்த மனிசன் திறாங்கைத் தூக்கி இழுக்க
ரவை துள்ளி மண்ணில் விழ
அடுத்ததைத் தள்ள முன்னம்
நாயுண்ணிப் பற்றை ஆடி அடங்கியிருக்கும்.
எத்தனை குட்டி போட்டதோ அது பிறகு.

பத்து மணித் தேத்தண்ணிக்கு
இதை வத்சலாவிடம் சொன்னேன்.
பிஸ்கட்டைத் தோய்த்தபடி கேட்டாள்:
"பண்டியெண்டு உனக்கு ஆர் சொன்னது?
ஆளாயிருந்தா?"

கொஞ்சநேரம் நான் பேசவில்லை.
இது எந்த மண் என்று எனக்கும் தெரியும்.

"ஆளெண்டா,
அந்த ஆளும் தப்பியிட்டுது."

நாலு மணிக்கு அன்றைய சாமான்களை
ஒரே குழியில் அடுக்கி வெடிக்கவைத்தோம்.
எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சத்தம்.
காகங்கள் எழும்பி, சுற்றி, திரும்ப இருந்தன.
அதற்குள் எது அதன் சத்தம்,
நாற்பது வருசம் பிந்தினது,
நான் பிரித்துக் கேட்கப் பார்த்தேன். முடியவில்லை.

மரத்தை ஒருவரும் எண்ணவில்லை.
அடுத்தநாள் காலை பார்க்கிறேன்,
தண்ணீர் பவுசரின் பின்சில்லுக்கு
அண்டை கொடுத்திருக்கிறார்கள்,
கன்னம் வைக்கிற பக்கம்
மண்ணில் பட.