முத்துக்கடை எறங்கு

ஆடி மாதம், முகூர்த்தம் கிடையாது.
அதனால் சத்துவாச்சாரி மண்டபம்
எங்களுக்குப் பாதி வாடகை.
மேடையின் பின்சுவரில்
ஆனியில் கட்டிக்கொண்ட யாரோ இருவரின் தெர்மாகோல் மிச்சம்:
ஒரு 'க்', அரை இதயம், குண்டூசிகள்.

"வீட்டிலேர்ந்து ஆளுக்கொரு அசைவு கொண்டு வாங்க,
யாரும் கத்துக்கொடுக்காத அசைவா இருக்கணும்"
என்றிருந்தாள் நிர்மாலினி.

தஸ்லீமா பீடி சுற்றினாள்.
மடியில் முறமில்லை, இலையில்லை,
நகம் மட்டும் மடித்து மடித்துப் போனது.
ஜெபசீலன் ஸ்ட்ரெச்சர் தள்ளினான்;
வார்டு திருப்பத்தில் குதிகாலால் கதவைத் திறக்கும்
அந்த ஒரு எத்துக்கு எல்லோரும் கைதட்டினோம்.

நான் கொண்டுபோனது
மூக்கைப் பொத்துவது.

சென்னை பஸ் வாலாஜா தாண்டி
ராணிப்பேட்டைக்குள் நுழைந்ததும்
நாற்பது கைகள் ஒன்றாக எழும்.
முந்தானை, கைக்குட்டை, சட்டைக் காலர்,
தூங்கும் குழந்தையின் முகத்துக்கு ஒரு துண்டு.
ஒத்திகையே பார்க்காமல்
இத்தனை சுத்தமாகச் சேர்ந்து ஆடும் குழுவை
நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எனக்கு அது நாற்றமில்லை.
ஷிப்ட் முடிந்து
அப்பா வந்துவிட்டார், அவ்வளவுதான்.

இரண்டாம் வருஷம், தீபாவளி லீவு.
வேலூர் போகிற வகுப்புத்தோழி பக்கத்து சீட்டில்.
"ச்சீ, இங்கல்லாம் மனுஷங்க எப்படிடி இருக்காங்க?"
அவளைவிட இறுக்கமாக
நான் துப்பட்டாவை மூக்கில் அமுக்கினேன்.
"முத்துக்கடை, முத்துக்கடைலாம் எறங்கு."
கண்டக்டர் மூன்று தரம் கூப்பிட்டார்.
என் டிக்கெட்டை உள்ளங்கைக்குள் கசக்கினேன்.

ஆற்காட்டில் இறங்கி
பாலாற்றுப் பாலத்தில் திரும்ப நடந்தேன்,
தோளில் பை, கீழே ஆறு என்கிற பெயரில் முள்.
பாதிப் பாலம் வந்த பிறகுதான் தெரிந்தது
கை இன்னும் மூக்கிலேயே இருக்கிறதென்று.

நிர்மாலினி எழுதிக்கொடுத்த வசனம்
'இவ்வுடல் எவருடையது' என்று ஆரம்பிக்கும்.
மேடையில் அது வரவில்லை.
பொத்திய கைக்குள்ளிருந்து
வேறு குரல் வந்தது:
"நானு ராணிப்பேட்ட.
எங்கப்பா தோல் ஷாப்புல ட்ரம் ஓட்றாரு.
அன்னிக்கு நானு எறங்கல."

முதல் வரிசையில் சிரிப்பு.
அப்புறம் சிரிப்பு நின்றது.
மூன்றாம் வரிசையில் ஒருவரின் கை
தானாக மூக்குவரை போய்
சட்டென்று மீசையைத் தடவியது.
அவருக்காக நான் கொஞ்சம் வருத்தப்பட்டேன்.

ஏகாம்பரம், என் அப்பா,
கடைசி வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில்.
ஒரு முழு சோப்பைக் கரைத்துவிட்டு வந்திருப்பார்.
நகக்கண்ணில் மட்டும் அந்த நீலம், அது போகாது.
கைதட்டினாரா, நான் பார்க்கவில்லை.
விளக்கு என் கண்ணில் இருந்தது.

வாசலில் செருப்பு தேடும்போது கேட்டார்:
"அவ்ளோ தூரமா நடந்த?
ஒரு போன் பண்ணியிருந்தா வண்டி எட்தாந்திருப்பனே."

கடைசி பஸ்ஸில் ஜன்னலோரம் அவர்.
விஷாரம் போனது, ஆற்காடு போனது.
பாலம் ஏறியதும் முன்கம்பியைப் பிடித்து
வெளியே எட்டிப் பார்த்தபடி உதட்டை அசைத்தார்.
ஜெபமோ, திட்டோ என்று நினைத்தேன்.

பாலம் முடிந்தது.
"முப்பத்தெட்டு" என்றார்,
"லைட்டுக் கம்பம்."
வேறொன்றும் சொல்லவில்லை.
கண்டக்டர் கூப்பிடுவதற்கு முன்பே
எழுந்து நின்றோம்.