பழி ஓரிடம்

கட்டளையின் பெயரே பழி.
தட்டினால் ஒவ்வொரு வரிக்கும் இடப்பக்கம்
ஒரு பெயர், ஒரு தேதி,
ஏழெட்டு எழுத்தில் ஒரு கைரேகை.

நானூற்றுப் பன்னிரண்டாம் வரி
எடையிலிருந்து முப்பத்தேழு கிலோவைக் கழிக்கிறது.
ஏன் என்று எங்கும் இல்லை.
ஜூரோங் கிடங்கில் நிறுத்த பதினோரு கொள்கலன்களை
வாடிக்கையாளர் ஒருவர் மறுபடி நிறுத்துப் பார்த்துவிட்டார்.
"யார் எழுதினது லா இது?" என்கிறார் பெங் ஹுவாட்,
திரையில் பெயர் இருக்கும்போதே:
செவ்வந்தி ராஜகோபால்.

நான்தான். நானில்லை.
போன மார்ச்சில் ஒன்பதாயிரம் வரிக் கோப்பை
மூன்றாக வெட்டி வைத்தேன்;
பழையதை மறுநாள் அழித்தேன். அவ்வளவே.
வீடு மாற்றும் லாரிக்காரரிடம்
அலமாரிக்குள் கிடந்த கடிதத்துக்கு
விளக்கம் கேட்கலாமா?

சி என்ற எழுத்தைச் சேர்த்துக் கேட்டால்
நகர்ந்த வரியின் பூர்வீகத்தைத் தேடும்.
இரண்டு சி போட்டால் இன்னும் கொஞ்சம் தோண்டும்.
மூன்று போட்டால்தான் முழு வரலாற்றையும் புரட்டும்.
மனிதர்கள் மாதிரிதான்,
முதல் பதில் வாய்க்கு வந்தது.

ஒரு சி: மறுபடியும் நான்.
இரண்டு சி: கெல்வின் தியோ, 2016.
டேப்பை எடுத்துவிட்டு நான்கு வெற்றிடம் வைத்தவர்,
வேறு பாவம் அறியாதவர்.
வெற்றிடத்தைப் பொருட்படுத்தாதே என்றும் சொல்லி
மூன்றாவது சி.
விசிறி இரைந்தது. மடிக்கணினி தொடையைச் சுட்டது.
கீழே போய் தே ஓ கொசோங் வாங்கி வந்தேன்.

புஸ்பாவதி பிந்தி ஜைலானி.
2009 டிசம்பர் 22, அதிகாலை 3:07.
வேறொரு கோப்பு. அந்தக் கோப்பே இப்போது இல்லை.
குறிப்பில்:
மழை. எடைமேடைக்குக் கூரை இல்லை.

முப்பத்தேழு
உட்கார்ந்த இடத்தில் தோன்றும் எண் இல்லை.
நாற்பது என்றால் உத்தேசம் என்பேன்.
முப்பத்தேழுக்கு யாரோ நனைந்திருக்க வேண்டும்.
கொட்டும் மழையில், லாரி இல்லாத வெறும் மேடையில்
தேங்கிய தண்ணீரை மட்டும் நிறுத்து
மணி மூன்றுக்கு ஈரக் கையோடு
இந்த வரியை அடித்திருக்க வேண்டும்.

மின்னஞ்சல் போட்டேன்.
அப்படியொரு முகவரி இல்லையென்று
நொடியில் திரும்பிவிட்டது.

பெங் ஹுவாட் கிடங்குக்குப் போன் செய்தார்.
கூரை போட்டு நாலு வருடமாம்.
நாலு வருடமாகக் கூரைக்குக் கீழே
மழை பெய்துகொண்டிருந்திருக்கிறது,
எங்கள் கணக்கில் மட்டும்.

வரியை நீக்கினேன்.
நீக்கிய வரிக்குப் பக்கத்தில் யார் பெயரும் வராது;
பழி சொல்லவும் ஒரு வரி மிஞ்ச வேண்டும்.
அதனால் கமிட் குறிப்பில் எழுதினேன்:
கூரை வந்துவிட்டது.
புஸ்பாவதி எழுதியது எழுதிய நாளில் சரி.

பெங் ஹுவாட்
படிக்காமலே ஒப்புதல் தந்தார்.