அனுமதிக்கப்பட்ட காற்று

பதினொன்று புள்ளி மூன்று எட்டு.
நான் ஓடியதிலேயே வேகமான நூறு மீட்டர் அதுதான்.
எந்தச் சாதனைப் பட்டியலிலும் அது இல்லை.

பாதித் தூரத்தில், உள்தடத்தின் ஓரமாக,
மார்பளவு உயரத்தில் ஒரு கருவி நிற்கும்.
துப்பாக்கி வெடித்ததிலிருந்து பத்து நொடி
அது காற்றை மட்டும் பார்க்கும்,
ஓடுகிறவளைப் பார்க்காது.
விநாடிக்கு இரண்டு மீட்டர் வரை
முதுகில் வாங்கிக்கொள்ளலாம்.
அன்றைக்கு இரண்டு புள்ளி மூன்று.
தங்கம் கொடுத்தார்கள். கை குலுக்கினார்கள்.
நேரத்துக்குப் பக்கத்தில்
சின்னதாக ஒரு டபிள்யூ போட்டார்கள்.

நான் தங்கச்சிமடத்துக்காரி.
காற்றுக்கு எங்களிடம் எண் கிடையாது, பெயர்தான்:
வாடை, கொண்டல், சோளகம், கச்சான்.
அப்பா இருட்டோடு வெளியே வந்து
கன்னத்தைத் திருப்பி நிற்பார்.
"கச்சான் எடுத்திருச்சு" என்றால்
அன்றைக்குப் படகு இல்லை,
டீசல் கடன்காரன் உண்டு.

அம்மா பாசி எடுக்கக் கடலில் இறங்குவாள்,
பழைய செருப்பை அறுத்து
உள்ளங்காலில் வைத்துத் துணி சுற்றி.
என் முதல் ஸ்பைக்ஸைக் கவிழ்த்துப் பார்த்து
ஆணிகளை எண்ணினாள். ஏழு.
"கல்லு நம்மளக் குத்தாம இருக்கத்தான் நாங்க கட்டுறோம்.
நீ தரையக் குத்தப் போறியாக்கும்."
சரியாகச் சொன்னாள்.
எந்தப் பயிற்சி முகாமிலும்
அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை.

பாட்டியாலாவில் விடிகாலைக் கதவுத் தட்டல்.
முன்பின் தெரியாத ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்க
குப்பியை நிரப்ப வேண்டும்.
வராது. தண்ணீர் குடிப்பேன். வராது.
அவள் தன் மகனின் பரீட்சையைப் பற்றிப் பேசுவாள்.

ராஞ்சியில், எழுபதாவது மீட்டரில்,
பின்தொடையில் யாரோ கல்லால் எறிந்தார்கள்.
திரும்பிப் பார்த்தேன்.
யாரும் இல்லை.
மற்ற ஏழு பேரும் முன்னால் போய்விட்டார்கள்.

பதினோரு வருடம். முந்நூறு பந்தயம் இருக்கும்.
ஒருநாள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன்:
ஐம்பத்தொன்பது நிமிடம்.
அவ்வளவுதான் நான் ஓடியது.
மீதியெல்லாம் காத்திருந்தது, ஐஸ் கட்டியது,
முன்பதிவில்லாப் பெட்டியில்
பைமேல் தலைவைத்துத் தூங்கியது.

சட்டப்படி என் நேரம் பதினொன்று புள்ளி ஐந்து ஒன்று.
வேலை கிடைத்தது அதற்குத்தான்.
இப்போது மண்டபம் ஸ்டேஷன், விசாரணை ஜன்னல்.
இங்கேயும் ஒரு கருவி இருக்கிறது,
பாம்பன் பாலத்தின் மேல்.
மணிக்கு ஐம்பத்தெட்டைக் காற்று தாண்டினால்
சிக்னல் சிவப்பிலேயே நிற்கும்.
ரயிலும்.

வேலைக்கு வந்த முதல் வாரமே வகுத்துப் பார்த்தேன்.
விநாடிக்குப் பதினாறு மீட்டர்.
ரயிலுக்குப் பதினாறு வரை மன்னிப்பு,
எனக்கு இரண்டு.

இன்று ஆடி மாதத்துக் கச்சான்.
இரண்டு மணி நேரமாக வண்டி நிற்கிறது.
கங்கைச் சொம்போடு வந்த பெரியவர் ஒருவர்
கைக்கடிகாரத்தால் கண்ணாடியைத் தட்டுகிறார்.
"எவ்வளவு நேரம்?"
இந்தியில் சொல்கிறேன், பாட்டியாலாவில் கற்ற இந்தியில்:
"காற்று விடுகிறவரைக்கும்."
இதற்கா சம்பளம் என்பதுபோல் பார்க்கிறார்.

அப்போதுதான் போனில் வந்தது முடிவு.
மாநிலப் போட்டி. வேதாரண்யத்துப் பெண்,
பத்தொன்பது வயது, பெயர் யாழரசி.
பதினொன்று புள்ளி நான்கு நான்கு. புதிய சாதனை.
நேரத்தை நான் பிறகுதான் பார்த்தேன்.
முதலில் பார்த்தது
அடைப்புக்குறிக்குள் இருந்த எண்ணை.
ஒன்று புள்ளி ஒன்பது.

இன்னும் கொஞ்சம் வீசியிருக்கக் கூடாதா
என்று நினைத்தேன்.
ஒரு நொடிதான்.
ஒரு நொடி எங்களுக்கு ஒன்பது மீட்டர்.

"வாழ்த்துகள்" என்று அடித்தேன்.
அழித்தேன்.
"பின்தொடையைப் பார்த்துக்கொள்" என்று அனுப்பினேன்.

ஐம்பத்தேழு என்றார்கள் தொலைபேசியில்.
சொம்புக்காரர் ஓடுகிறார்,
செருப்பு ஒன்று பிளாட்பாரத்திலேயே கிடக்கிறது.
முழங்காலைத் தூக்கவே மாட்டேன் என்கிறார்,
கைகள் குறுக்கே வெட்டுகின்றன,
ஆனாலும் கடைசிப் பெட்டியைப் பிடித்துவிட்டார்.

முதுகில் காற்று.
யாரும் அளக்கவில்லை.